துரைக்காட்டில் ஒரு குழி

அரப்பு மரத்தின் தாழ்ந்த கிளையை இரண்டு கையாலும் பற்றி, உடம்பின் கனத்தையெல்லாம் அதில் போட்டுத் தொங்கினாள் உண்ணாமலை. கிளை வளைந்து கொடுத்ததே தவிர முறியவில்லை. காலை ஊன்றி இன்னொரு இழுப்பு இழுத்தாள். பட்டை உரிந்து, படாரென்று ஒடிந்து, இலையும் தூசியுமாக அவள் தலைமேலேயே விழுந்தது.

விழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தாள். பழக்கதோஷம்தான். "எவ அவ, மரத்துல கைய வெச்சது?" என்று தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற ஆள், குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலின்மேல், கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியபடி மல்லாந்து கிடந்தான்.

"இன்னைக்கு வந்து தடுங்க பாப்பம்," என்று கட்டில் இருந்த பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, கிளையை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பிணத்தின் தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டாமல் எடுக்க முடியாது. உறவுக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு கை வைப்பார்கள். அந்தக் காட்டில் பார்த்த பக்கமெல்லாம் அரப்பு மரம். இருந்தும் உண்ணாமலை இத்தனை வருஷமும் தன் தலைக்குத் தேய்க்க அரப்புப் பொடி வாங்கியது சந்தையில்தான். கேட்டால், "சங்கத்து மரம், ஒரு எல பறிக்கப்படாது" என்பான், அந்தக் காட்டுக்குக் காவல்காரனான அவள் புருஷன் சென்றாயன். உதிர்ந்து கிடக்கிற சருகைக்கூடக் கூட்டி அள்ள விடமாட்டான். அது மண்ணுக்காம். மண்ணுக்கு எதுக்குங்க தலைமுழுக்கு என்று அவள் கேட்டால் தடியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்விடுவான்.

அதைக் காடு என்று சொல்வதே அதிகம். மோகனூர் ரோட்டுக்கும் தறிக்காரர் தெருவுக்கும் நடுவே, டவுனின் விலாவில் குத்திக்கொண்டு நின்ற பத்துப் பன்னிரண்டு ஏக்கர் முள்ளும் மரமும். சுற்றிலும் வீடும் கடையும் வந்து நெருக்கிய பிறகும் அது மட்டும் வெட்டுப்படாமல் நின்றதற்குக் காரணம் எப்போதோ இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை. அவனுக்குச் சாயங்காலம் குருவி பார்க்காவிட்டால் தூக்கம் வராதாம். அதற்காகக் கம்பி வேலி போட்டு, கேட் வைத்து, 'உத்தரவின்றி உள்ளே பிரவேசிக்கக் கூடாது' என்று பலகை அடித்துவிட்டுச் சீமைக்குப் போய்ச் சேர்ந்தான். துரை போனான், துரைக்காடு நின்றது. அதைக் காப்பாற்ற டவுன் பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். வக்கீல் ஒருவர் அதற்குத் தலைவர். பெரிய மனிதர்களுக்கு எதையாவது காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மனுஷனைக் காப்பாற்றப் போனால் செலவு. ஆந்தையைக் காப்பாற்றினால் பேர்.

அப்படி என்ன அதிசயம் உள்ளே இருந்தது என்று உண்ணாமலையைக் கேட்டால் சொல்வாள். மரநாய் இருந்தது. அவள் வளர்த்த கோழியில் பாதியை அது தின்றது. மீதியை வெருகுப் பூனை தின்றது. உடும்பு முட்டையோடு நிறுத்திக்கொண்டது, அதுவரைக்கும் புண்ணியம். மயில் வந்து அவரைக் கொடியைக் கொழுந்தோடு கொத்திவிட்டுப் போகும். கல்லெடுத்தால் சென்றாயன் குறுக்கே வந்து நிற்பான். பெரிய புளியமரத்தில் வௌவால்கள் கிழிந்த குடைகளை மாட்டிவைத்த மாதிரி பகலெல்லாம் தொங்கிவிட்டு, பொழுது போனதும் கிளம்பும்போது அவள் துவைத்துக் காயப்போட்ட சேலையில் கழிந்துவிட்டுப் போகும். தேவாங்கு என்று ஒன்று. இருட்டினபின் கொம்பைக் கட்டிக்கொண்டு, திருடி அகப்பட்ட மாதிரி முழிக்கும். இந்த முழியைப் பார்க்க வக்கீல் ஐயாவின் சிநேகிதர்கள் மதராஸிலிருந்து வருவார்கள். முழிக்கிற முகம்தான் வேண்டுமென்றால் மதராஸிலேயே கிடைக்காதா என்பாள் உண்ணாமலை.

மேட்டூரில் அணை கட்ட ஆள் எடுத்தபோது அவள் அண்ணன் குடும்பத்தோடு போனான். "நீங்களும் வாங்க மாப்ளே, கல்லு ஒடச்சாலும் வவுத்துக்குக் கொறையில்ல" என்று வந்து கூப்பிட்டான். சென்றாயன் தலையைச் சொறிந்தான். "நாம் போயிட்டா இதுகள ஆரு பாக்கறது?" என்றான். இதுகளாம்! பெற்ற மக்களைப் போலச் சொன்னான். அண்ணன் போய்விட்டான். அணையும் எழும்பிக்கொண்டிருந்தது. சென்றாயன் வேலியில் எங்கே கம்பி அறுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடந்தான்.

போன வாரம் அடைமழையில் வக்கீல் ஐயாவோடு ஒரு சிநேகிதர் வந்தார். தேவாங்கைப் பார்த்தே தீரவேண்டும், மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார். சென்றாயன் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தான். அவர்கள் குடைக்குள், அவன் மழைக்குள். தேவாங்கு அகப்பட்டது. மறுநாள் குளிர்காய்ச்சலும் அகப்பட்டது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசிலடித்து, இன்று விடியும் நேரத்தில் நின்றுபோயிற்று. கடைசியாக அவன் கேட்டது, "கேட்டப் பூட்டுனயா?" பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போக இத்தனை காலக் குடித்தனத்தில் அவனுக்குக் கிடைத்த வார்த்தை அதுதான்.

அவள் பூட்டியிருக்கவில்லை. "பூட்டியாச்சுங்க," என்றாள்.

பிறகு வாயை மூடித் துணியால் கட்டினாள். தயிர்க்காரி காளியாத்தாள் கூடையோடு அந்த வழி வந்தவளை நிறுத்தி, இடுகாட்டு வெட்டியான் சடையனிடம் அனுப்பினாள்.

"எம்புள்ள கெடக்கற எடத்துக்குப் பக்கத்துலயே வெட்டச் சொல்லு. எனக்கும் ஒரு ஆளு எடம் உட்டுப்போட்டு வெட்டச் சொல்லு."

அவள் பெற்ற ஒரே பெண் பாவாயி காலராவில் போனபோது நடக்கப் பழகி முடிந்து ஓடப் பழகிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது கிடையாது. 

முறைப்படி குழிக்குச் சொல்லிவிடுவது ஆண்பிள்ளை வேலை. செத்தவனின் தம்பி ராசு செய்ய வேண்டியது. அவன் சேதி கேட்டு வந்து, அண்ணன் முகத்தை ஒரு பார்வை பார்த்து, துண்டால் கண்ணைத் துடைத்து, துடைத்த துண்டு காயுமுன் வக்கீல் ஐயா பங்களாவுக்கு ஓடியிருந்தான். எழவு சொல்லத்தான் போகிறான் என்று உண்ணாமலை நினைத்தாள்.

அம்மியில் அரப்பு இலையை வைத்து அரைத்துக்கொண்டிருந்தபோது, குடிசைக்குப் பின்னால் ஆலமரத்துப் பக்கம் மண் வெட்டுகிற சத்தம் கேட்டது. நடுநடுவே 'ணங்' என்று வேரில் விழுகிற வெட்டு.

ராசுவின் பெண்டாட்டி ராமாத்தாள் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஆரது ராமாத்தா, அங்க வேர வெட்டறது?" என்று கேட்டாள் உண்ணாமலை. "இந்தச் சத்தங் கேட்டா இவரு எந்திரிச்சுப்போடுவாருடி."

"மாமனுக்குத்தானுங்கக்கா வெட்டறாங்க." ராமாத்தாளின் குரலில் பெருமை பொங்கியது. "வக்கீல் ஐயா சொல்லிப்போட்டாராம். இந்தக் காட்டுக்காவ உசுர உட்ட ஆளு இந்தக் காட்டுலயே இருக்கோணுமாம். மேல கல்லு நட்டு, பேரு வெட்டி வெப்பாங்களாம். நம்ம சனத்துல ஆருக்குக்கா கெடச்சுது இந்த மருவாதி?"

உண்ணாமலையின் கையில் குழவி நின்றது.

"மருவாதி கெடக்கட்டும். உம்புருசனுக்கு என்ன கெடைக்குது, அதச் சொல்லு."

ராமாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். அதுவரை அவளுக்கு அழுகை வந்திருக்கவில்லை; இப்போது வந்தது. "வாச்சர் வேல தர்றேன்னு சொன்னாருங்களாம். ஊடும் சேத்தித்தான். நீயும் எங்களோடவே இருந்துக்கக்கா. உன்ன ஆரு போகச் சொல்றா?"

"அதுக்குள்ள என்ன இருந்துக்கச் சொல்ல ஆளாயிட்டயா?" என்று சொல்லிவிட்டு உண்ணாமலை மறுபடி அரைக்கத் தொடங்கினாள்.

வக்கீல் ஐயா கையில் ரோஜா மாலையோடு வந்தார். மழைச் சேறு படாதபடி வேட்டியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கியது. சாவு வீட்டுக்கு எதற்கு அது என்று யாரும் கேட்கவில்லை. காட்டுக்குள் வந்தால் மாட்டிக்கொள்கிற வழக்கத்தில் மாட்டியிருப்பார். பின்னால் ராசு குடையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோயில் மணியக்காரர் மாதிரி வந்தான்.

"ஏம்மா, உன் புருஷன் சாதாரண ஆள் இல்லை," என்றார் வக்கீல். "அவன் தியாகி. அவன் நேசித்த பட்சிகளின் நடுவிலேயே நித்திரை செய்யட்டும் என்று சங்கத்தில் எல்லாரும் ஆசைப்படுகிறோம்."

"நேசிச்சதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சாமி. சம்பளத்துக்கு நின்னாருங்க," என்றாள் உண்ணாமலை.

வக்கீல் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்.

"மூணாம் நாளு பால் ஊத்த நாங்க வரோணுமுங்க," என்றாள் அவள். "பொறவு வருசா வருசம் வரோணும். ஒறவு ஒறம்பர சனமெல்லாம் வருமுங்க. கேட்டத் தொறந்து உடுவீங்களா?"

"அதற்கென்ன. சங்கத்தில் முன்கூட்டிச் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டால்..."

"எம்புருசங்கிட்டப் போறதுக்கு உங்ககிட்ட உத்தரவுங்களா?"

"விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே அம்மா. கூட்டம் வந்தால் பறவைகள் கலைந்துவிடும். கூடு வைக்கிற காலத்தில் மட்டும் வராமல் இருந்தால் நல்லது."

"சரிங்க. நாஞ் செத்தா?"

"என்ன?"

"நாஞ் செத்தா எனக்கு எங்கீங்க எடம்?"

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். தூரக்கண்ணாடியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். "இது இடுகாடு இல்லையே அம்மா. விசேஷமாக ஒருவருக்குத்தான்..."

"அப்பிடிங்களா. அப்ப அவரு அவரு புள்ளகிட்டப் போவட்டுமுங்க."

ராசு குடையை மறுகைக்கு மாற்றினான். "அண்ணி, நீ செத்த சும்மா இரு. ஆம்பளைங்க பேசற நாயத்துல பொம்பள வாய வெக்காத."

"ஆம்பளையா?" உண்ணாமலை சுற்றிப் பார்த்தாள். "கட்டல்ல ஒருத்தரு கெடக்கறாரு. வேற ஆரையுங் காணமே ராசு."

யாரோ ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையாகவும் இருக்கலாம்.

ஆனால் வாயால் என்ன பேசினாலும், பாடை எழுந்தபின் தன் கையில் ஒன்றும் இல்லை என்பது உண்ணாமலைக்குத் தெரியும். பெண்கள் குழிவரை போகிற வழக்கம் இல்லை. வழியில் ஓரிடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் ஆண்கள்தான். எங்கே வேண்டுமானாலும் இறக்கி, எதை வேண்டுமானாலும் மூடிவிட்டு வந்து, 'ஆச்சு' என்று சொல்வார்கள். குழி வீட்டுக்குப் பின்னாலேயே என்றால் நிறுத்துகிற இடம்கூட இல்லை; வாசல்தான். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலிடம் போனாள். ராசு பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஜெயித்தவனுக்கு வருகிற பெருந்தன்மை அவன் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

எல்லாரும் அரப்பு வைத்து முடித்துக் கடைசிக் குடம் ஊற்றிக்கொண்டிருந்தபோது சடையன் வந்தான். தோளில் மண்வெட்டி. முழங்கால்வரை செம்மண்.

"குழி ஆச்சுங்க ஆத்தா," என்றான் வேலிக்கு அருகே நின்று. "மழ பேஞ்ச மண்ணு, சொன்னாப்பல கேட்டுது. பாப்பாவுக்கு வலப்பக்கம் வெட்டியிருக்கறன். எப்பங்க எடுக்கறீங்க?"

அதே நேரம் ஆலமரத்துப் பக்கமிருந்து சங்கத்துக் கூலியாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சாமி, குழி ரெடிங்க."

ஒப்பாரி பாதிச் சொல்லில் நின்றது. தப்பு அடிக்க வந்தவர்கள் தப்பைத் தொடையில் சாய்த்தார்கள்.

ஒரு பிணத்துக்கு இரண்டு குழி. அந்தச் சனத்தில் யாரும் கேள்விப்படாத காரியம். வெட்டின குழி வெறுங்குழியாகக் கிடக்கக் கூடாது. கிடந்தால் அது தனக்கு ஆள் கேட்கும். வேறெங்கும் போய்க் கேட்காது. செத்தவனோடு ஒரே வயிற்றில் பிறந்தவனைத்தான் முதலில் கூப்பிடும். இது பால் குடிக்கிற பிள்ளை தவிர எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ராசுவைப் பார்த்தார்கள்.

பாடை கட்டிக்கொண்டிருந்த வேலுசாமி, பங்காளி வகையில் பெரிய ஆள், தென்னமட்டையைக் கீழே வைத்தார். "ஏப்பா ராசு, ரெண்டு குழிக்கா சொல்லிவுட்ட?"

"நானா? நான் ஒண்ணுதானுங்க பெரியப்பா..."

"அப்ப இன்னொண்ணு ஆருக்கு?"

ராசுவின் கையிலிருந்து குடை நழுவியது.

"என்ன பைத்தியக்காரத்தனம் இது?" என்றார் வக்கீல். "இரண்டு குழி இருந்தால் ஒன்றை மூடிவிட்டால் போகிறது."

"எதைங்க சாமி மூடறது?" என்று கேட்டான் சடையன்.

"உன்னுடையதைத்தான். இடுகாட்டுக் குழியை."

"வெறுங்குழிய நான் மூடமாட்டனுங்க. எங்கப்பன் மூடுனதில்ல, எம்பாட்டன் மூடுனதில்ல." சடையன் மரியாதையாக மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினான். "சாமி சொல்றதுனால வேணும்னா ஒண்ணு செய்யறன். ராசண்ணன் எங்கூட வந்து குழி மேட்டுல நிக்கட்டும். நின்னு, 'மூடுறா சடையா'ன்னு அவரு வாயால சொல்லட்டும். மூடிப்போடறன்."

"நான் எதுக்குடா வாரேன்!" என்று ராசு ஒரு எட்டுப் பின்வாங்கினான். பின்னால் இருந்த அம்மியில் கால் இடறி, அதன்மேலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் அரப்பு ஒட்டிக்கொண்டது. பிணத்துக்கு அரைத்த அரப்பு.

கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கே அடுத்த பயம் பிடித்தது. "அங்க கொண்டு போனா... இங்க வெட்டுனது?" என்று ஆலமரத்துப் பக்கம் கை காட்டினான். இனி அவன் குடியிருக்கப் போகிற வீட்டுக்குப் பின்னால் இருந்தது அது.

உண்ணாமலை ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"அது குழியா?" என்றாள். "வெட்டியான் கை படாத பள்ளம். தென்னங்கண்ணு வெக்க வெட்டுனதுன்னு நெனச்சுக்க. ஏஞ்சடையா, நான் சொல்றது செரிதானே?"

சடையன் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால், ஈரத் தலையோடு கிடந்த சென்றாயனைப் பார்த்தான். பாவாயிக்குக் குழி வெட்டின நாளில் இந்த ஆள் மேட்டில் நின்று, மண் பெரிய கட்டியாக விழாமல் கையால் உடைத்து உடைத்துப் போட்டதை அவன் பார்த்திருக்கிறான்.

"செரிதானுங்க ஆத்தா. மொத வெட்டு நான் வெட்டாத குழி குழியில்லீங்க," என்றான். அப்படி ஒரு முறை உண்டா, அந்த நிமிஷத்தில்தான் பிறந்ததா என்பதை அவன் முகம் காட்டவில்லை.

வக்கீலின் குரல் தணிந்தது. கோர்ட்டில் அவர் குரல் தணிந்தால் எதிராளிக்கு ஆபத்து என்பார்கள். "ராசு, யோசித்துப் பேசு. உனக்கு வேலை வேண்டுமா, வேண்டாமா?"

ராசு அம்மியில் உட்கார்ந்தபடியே வக்கீலைப் பார்த்தான். சடையனின் மண்வெட்டியைப் பார்த்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

உண்ணாமலைக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. ஈரத்தில் நனைந்த கோழியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

வேலுசாமிதான் முடித்துவைத்தார். "சாமி மன்னிக்கோணும். சடையன் முன்னால நடக்காத பாடைக்கு நாங்க தோளு குடுக்கமாட்டமுங்க. தோளு இல்லாம நீங்களே தூக்கறதுன்னா தூக்கிக்குங்க."

வக்கீல் ஐயா மாலையைப் பிணத்தின்மேல் போடவில்லை. கூலியாளிடம் கொடுத்தார். கேட்டுக்குப் போகிற வழியில் திரும்பி, "குடிசை சங்கத்துச் சொத்து என்பது ஞாபகம் இருக்கட்டும். காலி செய்ய வேண்டியிருக்கும்," என்றார்.

"கருமாதி வரைக்கும் இருக்கலாமுங்களா, அதுக்கு முந்தியேவுங்களா?"

"...காரியம் முடிந்ததும்."

"செரிங்க சாமி. பாத்துப் போங்க, வழுக்கும்," என்றாள் உண்ணாமலை.

பாடை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. தப்புச் சத்தத்தில் பெரிய புளியமரத்து வௌவால்கள் கலைந்து, பட்டப்பகலில் வழி தெரியாமல் வீட்டுக் கூரைகள்மேல் சுற்றின. தறிக்காரர் தெருவில் ஆட்கள் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். ராசு ஈமக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, வேட்டியின் பின்பக்கம் பச்சைக் கறையோடு முன்னால் நடந்தான்.

சுமைதாங்கிக் கல் அருகே பாடையை இறக்கினார்கள். பெண்கள் அங்கே நிற்க வேண்டும். தலைமாடு கால்மாடு திருப்பிவைக்கிற நேரத்தில் உண்ணாமலை குனிந்து பார்த்தாள். காதுமடலில் அரைபடாத இலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. எடுக்கலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் தூக்கிவிட்டார்கள். கை நீட்டினபடியே கொஞ்ச நேரம் இருந்தது. காளியாத்தாள் அதைப் பிடித்துக் கீழே இறக்கி, அவளைத் திருப்பினாள்.

"திரும்பிப் பாக்கக்கூடாது. வா சாமி," என்றாள் காளியாத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆண்கள் கிணற்றில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். "பாப்பா பக்கத்துலதான்," என்று வேலுசாமி அவள் கேட்காமலே சொன்னார். "எடம் உட்டுத்தான் வெட்டியிருக்கறான்." அவள் தலையை ஆட்டினாள். வந்தவர்கள் விளக்கைக் கும்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ராமாத்தாள் உலை வைத்தாள். ராசுவை மட்டும் காணவில்லை.

"அண்ணி!" என்று ஆலமரத்துப் பக்கமிருந்து குரல் வந்தது. "அண்ணி, இங்க கொஞ்சம் வா."

உண்ணாமலை ஈரச் சேலையோடு போனாள். ராசு பள்ளத்தின் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்றான். வக்கீலின் கூலியாட்கள் வெட்டிப் போட்ட மண் பக்கத்தில் குவியலாக இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு காட்டு ஆமை விழுந்து கிடந்தது. ஓட்டில் மஞ்சள் கோடு போட்ட ஆமை. மண் சுவரில் முன்னங்காலை வைத்து ஏறும்; கொஞ்சம் மண் உதிரும்; சறுக்கி விழும்; மறுபடி அதே இடத்தில் காலை வைக்கும்.

ராசு குரலைத் தாழ்த்தினான். "தானா வந்து உளுந்திருக்குது அண்ணி. நான் தள்ளல, சத்தியமா. குழி கேட்ட உசுரு கெடச்சுப்போச்சு. இப்பிடியே மூடிப்போட்டா கணக்குத் தீந்துது." சொல்லிக்கொண்டே ஒரு வெட்டு மண்ணைத் தூக்கியிருந்தான்.

"உனக்கு ஈடா இதா?"

"ஆமாண்ணி."

"இது நூறு வருசம் பொழைக்குமாம். ஈடு கட்டாது ராசு," என்றாள். "அந்த மம்முட்டியக் கீழ வையி."

அவன் வைக்கவில்லை. அவள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே இறங்கினாள்.

"அய்யோ அண்ணி! குழிக்குள்ள எறங்காத! இன்னைக்குப் போயி எறங்காத!"

"பள்ளம்னு சடையன் சொன்னது உங்காதுல உளுகலயா?"

பள்ளம் அவள் கழுத்துவரை இருந்தது. அறுபட்ட ஆலவேர்கள் சுவரிலிருந்து வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து ஆமையைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனத்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டு, தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, அவள் கையெல்லாம் மூத்திரம் பெய்தது.

"தூ, சனியனே," என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கி மேலே தரையில் வைத்தாள்.

அது நகரவில்லை. கல் மாதிரிக் கிடந்தது. அவள் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில்.

ராசு காலால் அதைத் தள்ளப் போனான்.

"தள்ளி நில்லு," என்றாள். "ஆளு பக்கத்துல நின்னா தலைய நீட்டாதுன்னு உங்கண்ணன் சொல்லுவாரு. இன்னும் தள்ளி."

ராசு தள்ளிப் போனான். உள்ளே ராமாத்தாள் சோறு வடிக்கிற சத்தம் கேட்டது. உண்ணாமலை பள்ளத்துக்குள்ளேயே, அசையாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, அது தலையை நீட்டும்வரை நின்றிருந்தாள்.